இரவு சவாரிக்குக் கிளம்பும் முன்: சேலம், ஏற்காடு டாக்ஸி டிரைவர்களுக்கான முழுமையான பாதுகாப்பு வழிகாட்டி

டிரைவரைத் தாக்குகிறவர்களில் காருக்காக வருகிறவன் உண்டு. பாக்கெட்டில் இருக்கும் பணத்துக்காக வருகிறவன் உண்டு. போதையில் வாடகைத் தகராறு முற்றிக் கை நீட்டுகிறவனும் உண்டு. முதல் இரண்டு ரகமும் சவாரி பேசும்போதே ஒன்றைத்தான் நோட்டம் விடும்: இந்த டிரைவர் யாரோடு, எங்கே போகிறான் என்பது வேறு யாருக்காவது தெரியுமா? தெரியும் என்று பட்டுவிட்டால், வேறு வண்டி தேடிப் போய்விடுவான். கேமரா, ஜிபிஎஸ், எஸ்ஓஎஸ் பட்டன் எல்லாம் இதற்கு அடுத்துத்தான். அதனால் இந்த வழிகாட்டியில் வண்டி நகர்வதற்கு முந்தைய பத்து நிமிடத்துக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

சவாரி பேசும்போது

ஜங்ஷனோ, புது பஸ் ஸ்டாண்டோ, ஐந்து ரோடோ, எங்கே நின்று பேசினாலும் வரிசை இதுதான்.

1. பெயரும் போன் நம்பரும் வாங்குங்கள். அந்த நம்பருக்கு அவர் எதிரிலேயே மிஸ்டு கால் கொடுங்கள். அவர் கையில் மணி அடிக்க வேண்டும். சார்ஜ் இல்லை என்றால் கூட வருபவரின் நம்பர். இருவரிடமும் போன் இல்லை என்றால் அந்தச் சவாரியே வேண்டாம்.

2. இறங்கும் இடத்தைத் தெரு வரைக்கும் கேளுங்கள். "ஏற்காடு போங்க, மேல போய்ச் சொல்றோம்" என்பது முகவரி ஆகாது. எந்த ரிசார்ட், எந்த எஸ்டேட், ஏரிப் பக்கமா, நாகலூர் பக்கமா? ரிசார்ட் பெயர் சொன்னால் அங்கே போன் போட்டு அந்தப் பெயரில் ரூம் இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை.

3. இரவு 9 மணிக்கு மேல் வெளியூர் டிரிப் என்றால் அடையாள அட்டையைப் போட்டோ எடுங்கள். முகம் சுளிப்பார்கள். பழியை ஓனர் மேல் போடுங்கள்: "ஓனர் கேப்பாருங்க சார், நைட்டு டிரிப்புன்னா போட்டோ அனுப்பாம வண்டி எடுக்க விடமாட்டாரு." சொந்த வண்டியாக இருந்தாலும் ஓனர் ஒருவர் இருப்பதாகவே பேசுங்கள்.

4. வாடகையில் ஒரு பகுதியை யுபிஐயில் முன்பணமாக வாங்குங்கள். பணம் வருவது ஒரு லாபம். அனுப்பியவரின் அடையாளம் வங்கிக் கணக்கில் பதிவாவது அதைவிடப் பெரிய லாபம். திட்டத்தோடு வருகிறவன் அதற்குச் சம்மதிக்க மாட்டான், "கேஷாவே தர்றேன்" என்று அடம் பிடிப்பான்.

இது முடிந்ததும், அவர்கள் காதில் விழுகிற மாதிரி ஸ்டாண்டுக்கோ வீட்டுக்கோ ஒரு போன்: "அண்ணா, கெளம்பிட்டேனுங்க. ஏற்காடு டிராப்பு, ரெண்டு பேரு. ஆதார் போட்டோவும் நம்பரும் வாட்ஸ்அப்புல போட்டிருக்கேன். அடிவாரம் தாண்டறப்போ கூப்பிடறேன்." அரை நிமிடப் பேச்சு. இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்கிறவர் இதைச் செய்யட்டும்.

மறுக்க வேண்டிய சவாரிக்குச் சில அடையாளங்கள் உண்டு. எவ்வளவு கேட்டாலும் பேரம் பேசாமல் "சரி" என்பவர். ஒருவர் பேசிவிட்டு "வழியில ரெண்டு பேர் ஏறுவாங்க" என்பது. பை ஒன்றும் இல்லாமல் நடுராத்திரியில் வெளியூர். ஏறிய ஐந்தாவது நிமிடத்தில் இடத்தை மாற்றுவது. இதில் ஒன்று மட்டும் இருந்தால் எச்சரிக்கை போதும், இரண்டு சேர்ந்தால் விட்டுவிடுங்கள். சண்டை போடாமல் மறுக்கவும் வழி இருக்கிறது: "பிரேக்குல சவுண்டு வருதுங்க, மலை ஏறாது" என்றால் எவரும் அந்த வண்டியில் ஏற மாட்டார்கள்.

ஆளில்லாத பார்சலை ஏற்றவே ஏற்றாதீர்கள். கஞ்சா கடத்தலுக்குத் தெரிந்தே வண்டி கொடுத்தால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 25ஆவது பிரிவில் வண்டி யார் கையில் இருந்ததோ அவரும் குற்றவாளி. "தெரியாது" என்று நிரூபிக்கும் வரை வண்டி ஸ்டேஷன் வாசலில் வெயிலில் கிடக்கும்.

யார் எங்கே உட்காருவது

ஒருவர் மட்டும் வந்தால் பின்சீட்டின் இடது ஓரம். உங்களுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தவரின் கையை உள்கண்ணாடியில் பார்க்க முடியாது, கழுத்துக்குத் துண்டு வருவதும் அங்கிருந்துதான். முன்சீட்டில் உங்கள் பையை வைத்துவிட்டால் வாய்ச்சண்டை இல்லாமல் அவர் பின்னால் போவார். மூன்று ஆண்கள் வந்தால் ஒருவரை முன்னால் வைப்பதைத் தவிர்க்க முடியாது. அப்போதும் உங்களுக்கு நேர் பின்சீட்டைக் காலியாக வைக்கப் பாருங்கள்.

உள்கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டுகிற சின்னக் குவிகண்ணாடி ஒன்று வாங்கி, பின்சீட்டில் இருப்பவர்களின் கைகள் தெரிகிற மாதிரித் திருப்புங்கள். முகம் தெரிவதைவிடக் கை தெரிவது முக்கியம். ஹெட்ரெஸ்டைக் கழற்றி ஓட்டுகிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது. பின்னாலிருந்து வரும் கைக்கும் உங்கள் கழுத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரே தடுப்பு அதுதான். பின்கதவுக்கு சைல்டு லாக் போட்டு ஆளை உள்ளே அடைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வாடகைக் காரில் அதற்கு இடமில்லை, தகராறு செய்கிறவன் இறங்கிப் போவதுதான் உங்களுக்கும் நல்லது.

வண்டியில் இருக்க வேண்டியவை, இருக்கக் கூடாதவை

பணத்தை இரண்டாகப் பிரியுங்கள். சட்டைப் பையில் 500, 600 ரூபாயும் ஒரு பழைய பர்ஸும். கேட்டால் கொடுப்பதற்கு அதுதான். மீதியை அவ்வப்போது கணக்கில் கட்டிவிடுங்கள். ஒரிஜினல் ஆர்.சி., லைசென்ஸ், பர்மிட் வண்டியில் வேண்டாம். 2018 முதல் டிஜிலாக்கர், எம்பரிவாகன் என்ற அரசு செயலிகளில் உள்ள ஆவணங்களே செல்லும்.

இரண்டு பக்கமும் பதிவாகும் டேஷ்கேம் வாங்கினால், உள்ளே பேட்டரி இருக்கும் ரகத்தை விட்டு சூப்பர் கெபாசிட்டர் ரகமாகப் பாருங்கள். ஏப்ரல், மே மாதச் சேலத்து வெயிலில் நிறுத்திய காருக்குள் பேட்டரி ஊதிப் போகும். இரட்டைக் கேமராவுக்கு 64 ஜிபி கார்டு சில மணி நேரத்திலேயே நிரம்பிப் பழையதை அழிக்கத் தொடங்கும், 128 ஜிபியாவது போடுங்கள். கார்டிலும் ஹை எண்ட்யூரன்ஸ் என்று அச்சிட்டதே இதற்கு ஆகும். சாதாரண கார்டு ஓயாமல் எழுதி அழித்துச் சீக்கிரம் செத்துப்போகும், நீங்களோ பதிவாகிறது என்று நினைத்தே ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். வாரம் ஒருமுறை ஒரு கிளிப்பைத் திறந்து பாருங்கள். "கேமரா பதிவு உண்டு" என்ற ஸ்டிக்கரைப் பின்கதவில் ஒட்டுங்கள். பல நேரம் கேமராவைவிட ஸ்டிக்கர்தான் வேலை செய்கிறது.

வாடகை வண்டிக்கு அரசு கட்டாயமாக்கிய ஏஐஎஸ் 140 தர ஜிபிஎஸ் கருவி சட்டத்துக்காக இருக்கும். அது எங்கே இருக்கும் என்று திருடனுக்கும் தெரியும். தனியாக இன்னொரு சின்ன டிராக்கரை, டேஷ்போர்டுக்கு அடியிலோ மெக்கானிக் ஸ்கேனர் சொருகும் ஓபிடி சாக்கெட்டிலோ வைக்காமல், கூரை லைனிங்கிலோ பின்சீட்டுக்கு அடியிலோ மறைத்து வையுங்கள். இன்ஜினை நிறுத்தும் ரிலே சேர்த்தால் ஒரு நிபந்தனை: வண்டி நின்ற பிறகு, மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் தடுக்க மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும். ஓடுகிற வண்டியில் இன்ஜினை அணைத்தால் பவர் ஸ்டீயரிங் கனத்துவிடும், பிரேக் பூஸ்டரும் ஒன்றிரண்டு மிதிக்கு மேல் உதவாது. உள்ளே நீங்களும் இருக்கலாம்.

இரும்புக் கம்பி, கத்தி வேண்டவே வேண்டாம். சீட்டில் பெல்ட்டோடு கட்டுண்டு இருக்கும் உங்களைவிடப் பின்னால் இருப்பவனுக்குத்தான் அதை எடுக்க வசதி. மூடிய காருக்குள் பெப்பர் ஸ்பிரே அடித்தால் முதலில் கண் எரிவது ஓட்டுகிறவருக்கு.

போன் ஏற்பாடு

ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் எமர்ஜென்சி எஸ்ஓஎஸ் பகுதியைத் திறந்து, பவர் பட்டனை எத்தனை முறை அழுத்தினால் 112க்குப் போகிறது என்று பாருங்கள். பல போன்களில் 5 முறை, சிலவற்றில் 3 முறை. அதே இடத்தில் எச்சரிக்கை ஒலியை அணைக்கும் வசதியும் இருக்கும். அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் உதவி கேட்பதைப் போனே சத்தம் போட்டுச் சொல்லிவிடும். தமிழ்நாடு காவல்துறையின் "காவல் உதவி" செயலியையும் போட்டு வையுங்கள்.

வாட்ஸ்அப் லைவ் லொக்கேஷனில் 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்று தேர்வு உண்டு. இரவு டிரிப்புக்கு 8 மணி. மலைப்பாதையில் சிக்னல் விட்டுவிட்டு வரும், அதனால் லொக்கேஷன் ஒரே இடத்தில் நின்றால் வீட்டில் பதறாமல் இருக்கவும் ஓர் ஏற்பாடு வேண்டும்: அடிவாரத்தில் ஒரு போன், மேலே சேர்ந்ததும் ஒரு போன், இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனால் மட்டும் தேடுவது.

ஒரு ரகசிய வாக்கியம் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாகக் காதில் விழ வேண்டும், ஆனால் நீங்கள் வழக்கமாகச் சொல்லாததாக இருக்க வேண்டும். "டீசல் கார்டை வீட்லயே வெச்சுட்டு வந்துட்டேன், பார்த்து எடுத்து வை" என்பது போல. வாக்கியத்தைவிட, அதைக் கேட்டவர் என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் ஏற்பாடு சொதப்புகிறது. கேட்டவர் "எந்த கார்டு?" என்று குடையக் கூடாது. "சரி" என்று வைத்துவிட்டு, 112ல் கூப்பிட்டு வண்டி நம்பர், காரின் நிறம், லைவ் லொக்கேஷன் காட்டும் கடைசி இடம் மூன்றையும் சொல்ல வேண்டும். திரும்ப உங்களைக் கூப்பிடக் கூடாது. இதை ஒருமுறை வீட்டில் ஒத்திகை பாருங்கள்.

ஃபாஸ்டேக் எந்த நம்பரில் பதிவாகியிருக்கிறதோ அதற்கு ஒவ்வொரு டோலிலும் நேரத்தோடு மெசேஜ் போகும். அந்த நம்பர் வீட்டிலோ ஓனரிடமோ இருக்கட்டும். ஓமலூர், வைகுந்தம், மேட்டுப்பட்டி, எந்த டோலைக் கடந்தது என்பதிலிருந்தே வண்டி பெங்களூர் பக்கமா, கோவை பக்கமா, ஆத்தூர் பக்கமா என்று தெரிந்துவிடும்.

வழியில்

வண்டியை விட்டு எதற்காக இறங்கினாலும் சாவி கையில். டயரைப் பார்க்கவா, ஒன்றுக்குப் போகவா, பின்னால் டிக்கி திறக்கவா, எதுவானாலும் சரி. பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் சாவியை முன்பலகையில் போடுகிற பழக்கத்தை விடுங்கள்.

"வாந்தி வருது, நிறுத்துங்க" என்றால் வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்க் அல்லது டீக்கடை வரை ஒரு கவரைக் கொடுத்துச் சமாளியுங்கள். கவர் கட்டு ஒன்று கதவுப் பையில் எப்போதும் இருக்கட்டும். வண்டியை நிறுத்த வைக்க யாராவது முன்கண்ணாடியில் முட்டை எறிந்தால் வைப்பரும் தண்ணீரும் போடாதீர்கள், மசமசவென்று பரவிப் பார்வையை மறைத்துவிடும். தெரிகிற இடுக்கு வழியே மெதுவாக ஓட்டி ஆள் நடமாட்டம் வரை போங்கள். "ஆயில் ஒழுகுது", "டயர் பஞ்சர்" என்று பைக்கில் வந்து கத்துபவனுக்குக் கையைக் காட்டிவிட்டு அடுத்த பங்க் வரை போய்ப் பாருங்கள். ரிம் வளைந்தால் வளையட்டும்.

சவாரி நீட்டும் பிஸ்கட், டீ, கூல்டிரிங்ஸ் வேண்டாம். மரியாதைக்காக மறுக்க முடியவில்லை என்றால் "சுகருங்க" என்று சொல்லுங்கள், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். பாட்டிலை நீங்களே உடைத்துத் திறந்ததாக இருந்தாலும், இறங்கிப் போய்த் திரும்பினால் மீதியைக் குடிக்காதீர்கள்.

தொப்பூர் கணவாயில், முக்கியமாகத் தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் பக்கத்தில், எதற்காகவும் ஓரம் கட்டாதீர்கள். பிரேக் போன லாரி ஓரத்தில் நிற்பவரைத்தான் வாரிக்கொண்டு போகும். வேறு இடத்தில் வண்டி நின்றுவிட்டால் ஹசார்டு லைட்டைப் போட்டுவிட்டு, எச்சரிக்கை முக்கோணத்தை 50 மீட்டராவது பின்னால் வைத்து, எல்லோரும் தடுப்புக் கம்பிக்கு அப்பால் போய் நின்று தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033ஐக் கூப்பிடுங்கள்.

பணம் வந்ததா என்பதை உங்கள் போனிலோ சவுண்ட் பாக்ஸிலோ மட்டுமே நம்புங்கள், சவாரி காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம். ராணுவ அதிகாரி என்று ஒருவன் போனில் பேசி, "அட்வான்ஸ் அனுப்பறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்பான். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

ஏற்காட்டு மலையில்

அடிவாரத்திலிருந்து மேலே ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் பலகை உண்டு. கடைசியாகக் கடந்த எண்ணை வாயால் சொல்லிக்கொண்டே ஏறும் பழக்கம் நல்லது. 112ல் "ஏற்காடு ரோட்டுல எங்கேயோ" என்பதற்கும் "பதினாலாவது வளைவு, மேல போற பக்கம்" என்பதற்கும் உள்ள வித்தியாசம், உதவி வரும் நேரத்தில் தெரியும். குப்பனூர் வழியில் ஆள் நடமாட்டம் குறைவு. இருட்டிய பிறகு தெரியாத சவாரி "அந்த வழியா போங்க" என்றால், "நைட்டுல அந்தப் பக்கம் எறக்க மாட்டோமுங்க" என்று மெயின் பாதையிலேயே போங்கள்.

மலையில் பெரும் தொல்லை குடித்த சவாரி. சனி, ஞாயிறு இறக்கத்தில் ஸ்டீயரிங்கைத் தொடுவது, ஜன்னலில் உட்காருவது, வளைவில் "நிறுத்து, செல்ஃபி" என்பது எல்லாம் நடக்கும். ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்: வண்டிக்குள் பாட்டில் திறந்தால் அடுத்த வியூ பாயிண்டில் இறக்கிவிடுவோம், வாடகை திரும்பாது. முன்பணம் கையில் இருப்பதால் இந்தப் பேச்சுக்கு எடை இருக்கும். கைகலப்பாகும் போலிருந்தால் வாதாடாமல் நேராக ஸ்டேஷனுக்கு விடுங்கள்: மேலே ஏற்காடு, கீழே இறங்கினால் கன்னங்குறிச்சி அல்லது அஸ்தம்பட்டி. முந்நூறு ரூபாய் பாக்கிக்காக இருட்டில் இறங்கி நிற்க வேண்டாம்.

காட்டெருமை குறுக்கே நின்றால் ஹாரன் அடிக்காமல், ஹை பீமை இறக்கி, தள்ளி நிறுத்தி, அது போகும் வரை இன்ஜினை அணைக்காமல் இருங்கள். போட்டோவுக்குச் சவாரியை இறங்க விடாதீர்கள்.

காத்திருக்கும் இரவில் குளிருக்காகக் கண்ணாடியை முழுக்க ஏற்றி, இன்ஜினையும் ஏசியையும் போட்டுத் தூங்காதீர்கள். புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆள் போய்விடுவார். காருக்குள்ளோ மூடிய அறையிலோ கரி மூட்டினாலும் அதே கதிதான். இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி, கதவுகளைப் பூட்டி, போர்வையோடு படுங்கள். வண்டியின் முகம் ரோட்டைப் பார்த்து இருக்கட்டும், பின்னோக்கி எடுக்க வேண்டிய நிலை வராது.

கத்தி வந்துவிட்டால்

கொடுத்துவிடுங்கள். பணம், போன், சாவி, வண்டி எல்லாமே. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. கைகளைத் தெரிகிற மாதிரி வைத்து, செய்யப் போவதைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்: "பர்ஸு மேல் பையில இருக்கு, எடுக்கறேன்." முகத்தை முறைக்க வேண்டாம். தழும்பு, பேச்சு, செருப்பு, கூப்பிட்டுக்கொண்ட பெயர், இவற்றில் ஏதாவது ஒன்றிரண்டை மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

கழுத்தில் துண்டோ வயரோ இறுகினால் நிலைமை வேறு. பத்து வினாடிக்குள்ளேயே நினைவு தப்பலாம். தாடையை நெஞ்சோடு அழுத்தி இறுக்கத்துக்கு இடம் கொடுக்காமல், பிரேக்கை மிதித்து, ஹாரனில் கையை ஊன்றுங்கள். வண்டி நின்றதும் இடது கை பெல்ட்டை விடுவிக்க, வலது கை கதவைத் திறக்க, ஒரே வீச்சில் வெளியே. சில கார்களில் ஆட்டோ லாக் இருந்தால் உள்கைப்பிடியை இரண்டு முறை இழுக்க வேண்டும். உங்கள் வண்டியில் எத்தனை முறை என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். நிறுத்திய வண்டியில் கண்ணை மூடிக்கொண்டு பெல்ட், கதவு, வெளியே என்று கை தானாகப் போகும் வரை செய்து பழகுங்கள். வெளியே வந்ததும் வண்டி போகும் திசைக்கு எதிர்த் திசையில் ஓடுங்கள்.

நடந்து முடிந்த பிறகு

112ல் முதலில் இடம், பிறகு என்ன நடந்தது, பிறகு வண்டி நம்பர். இணைப்பு அறுந்தாலும் இடம் போய்ச் சேர்ந்திருக்கும். காயம் என்றால் 108. மீட்ட வண்டியைப் போலீஸ் பார்க்கும் முன் துடைக்காதீர்கள், கைரேகை போய்விடும்.

சேலம் மாநகரம் கமிஷனர் எல்லை, ஏற்காடு மாவட்டப் போலீஸ் எல்லை. "எங்க லிமிட் இல்ல" என்று அனுப்பினால், எந்த எல்லையில் நடந்த குற்றத்துக்கும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்க 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு இடம் தருகிறது என்று சொல்லுங்கள். எஃப்ஐஆரில் ஒரு வரி தவறாமல் இருக்க வேண்டும்: சாவியை மிரட்டிப் பறித்தார்கள் என்பது. இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டு சாவியையும் கேட்கும், ஒன்று இல்லை என்றால் வண்டியில் விட்டுவிட்டு அஜாக்கிரதையாக இருந்ததாகச் சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்க்கும். கம்பெனிக்கும் அன்றைக்கே தகவல் சொல்லுங்கள். டோல், பங்க் கேமராப் பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடும் என்பதால் எந்தெந்த இடங்கள் என்று புகாரிலேயே எழுதுங்கள். பறிபோன போனின் சிம், யுபிஐ இரண்டையும் முடக்கி, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் ஐஎம்இஐ எண்ணைத் தடுக்கச் சொல்லுங்கள்.

விபத்தில் கூட்டம் கூடி அடிக்க வந்தால்? மோட்டார் வாகனச் சட்டம் 134ஆவது பிரிவு, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி செய்வது டிரைவரின் கடமை என்கிறது. கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாமல் போவதை அதே பிரிவு விலக்காகவும் சொல்கிறது. ஆகவே 108ஐக் கூப்பிட்டுவிட்டு, நேராக அருகிலுள்ள ஸ்டேஷனில் போய் நில்லுங்கள். காணாமல் போய்விடாதீர்கள்.

சம்பளத்துக்கும் ஆக்டிங்காகவும் ஓட்டுபவர்கள் பாலிசியைப் பார்த்துவிட்டு வண்டி எடுங்கள். அதில் இருக்கும் 15 லட்சம் விபத்துக் காப்பீடு ஓனர் ஓட்டினால் அவருக்கு மட்டும். சம்பள டிரைவருக்கான பொறுப்பும் விபத்துக் காப்பும் தனி வரிகளாக இருக்க வேண்டும், அதற்கான பிரீமியம் மிகச் சொற்பம். சொந்த போர்டு (வெள்ளை நம்பர் பிளேட்) வண்டியை வாடகைக்கு ஓட்டினால் இதில் எதையும் நம்ப முடியாது. தொழிலாளர் துறையின் அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிவு செய்வதையும் தள்ளிப் போடாதீர்கள்.

இன்னொன்று குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாகாலாந்தில் ஆட்டோவைத் திருட வந்தவர்கள் டிரைவரைக் கொன்ற வழக்கில், அது வாகனப் பயன்பாட்டில் நேர்ந்த விபத்து மரணமே என்று 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டுக்கு வழி விட்டது. "கொலைதானே, விபத்து இல்லையே" என்று யாராவது திருப்பி அனுப்பினால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். 6 மாதத்தைத் தாண்ட விடக் கூடாது. பாலிசி நகல், பர்மிட் நகல், ஓனரின் நம்பர் மூன்றும் ஒரே கவரில் வீட்டில் இருக்கட்டும்.